மாகாண சட்டமன்றம் விட்டு நகர மன்றம்: வாசகர் கேள்வி–பதில்

மெர்பாங்க் வாசகி: ஹூஸ்டனில் இருக்கும் என் தங்கை மகன், அவர்கள் ஊர் மாநில செனட்டர் ஒருவர் அந்தப் பதவியை விட்டுவிட்டு ‘கவுண்டி கமிஷனர்’ ஆனதைச் சொன்னான். இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாண சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர் டர்பன் நகர மன்றத்துக்கு வந்தால், ‘கட்சி ஓரம்கட்டிவிட்டது’ என்றுதான் பேசிக்கொள்வோம். அங்கேயும் அப்படித்தானா?

இல்லை அம்மா. உங்கள் தங்கை மகன் சொன்னது பெரும்பாலும் ரோட்னி எல்லிஸாக இருக்க வேண்டும். 1990இலிருந்து டெக்சஸ் மாநில செனட்டில் இருந்தவர், 2017 ஜனவரியில் ஹாரிஸ் கவுண்டியின் கமிஷனர் ஆனார். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே ஒரு மாவட்டம் மாதிரி. அந்தச் சொல்லைக் கேட்டு ஏதோ கிராமப் பஞ்சாயத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஹூஸ்டன் நகரின் பெரும்பகுதி அந்தக் கவுண்டிக்குள்தான் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 47 லட்சத்தைத் தாண்டியது. அத்தனை பேருக்கும் சேர்த்துக் கமிஷனர்கள் நான்கே பேர், ஆளுக்கு ஏறக்குறைய 12 லட்சம். மாநில செனட்டிலோ 31 பேர், ஆளுக்கு ஒன்பதரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, செனட்டைவிடக் கமிஷனர் தொகுதிதான் பெரிது.

காசையும் பாருங்கள். டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினருக்கு மாதம் 600 டாலர், வருஷத்துக்கு 7,200. வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள். மற்ற நாளெல்லாம் சொந்தத் தொழில் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும். கமிஷனர் பதவி முழுநேர வேலை, முழுச் சம்பளம். மாநில செனட்டில் ஒரு வாக்கு 31இல் ஒன்று. கவுண்டி மேசையிலோ நான்கு கமிஷனர்களும் ஒரு ‘கவுண்டி ஜட்ஜும்’ சேர்ந்து ஐந்து வாக்குதான், மூன்று கிடைத்தால் காரியம் முடிந்தது. (அந்த ஜட்ஜ் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்பதில்லை. அவர்கள் கூடும் சபைக்குப் பெயர் ‘கமிஷனர்ஸ் கோர்ட்’. அமெரிக்கர்களே இதில் குழம்புவார்கள்.)

எல்லிஸ் பதவியேற்ற அதே 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்து கவுண்டியை மூழ்கடித்தது. மறு வருஷம் 250 கோடி டாலர் வெள்ளத் தடுப்புக் கடன்பத்திரத்தை வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எந்த வாய்க்காலை முதலில் வெட்டுவது என்று முடிவு செய்தது மாநில செனட் இல்லை, அந்த ஐந்து பேர் மேசை.

ஒன்று மட்டும் நமக்குப் பழகியது மாதிரி இருக்கும். 2016 ஜனவரியில், எல்லிஸுக்கு முன் அந்தத் தொகுதியின் கமிஷனராக இருந்தவர் இறந்துபோனார். வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது பொது வாக்காளர் இல்லை, கட்சியின் வட்டாரத் தலைவர்கள் கூடி வாக்களித்தார்கள். நம் கட்சிப் பட்டியல் வேலை செய்யும் விதத்துக்கும் (வாக்கு கட்சிக்கு, இடம் கட்சி தரும் பட்டியலில் இருப்பவருக்கு) இதற்கும் தூரம் அதிகமில்லை.

டொங்காட் வாசகர்: நம் நாட்டில் கவுண்டி என்று ஒன்று உண்டா?

ஆட்சி அமைப்பாக இப்போது இல்லை. ஆனால் உங்கள் தாத்தா காலத்து நிலப்பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘விக்டோரியா கவுண்டி, நேட்டால் மாகாணம்’ என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். நேட்டால் காலனியைக் கவுண்டிகளாகப் பிரித்திருந்தார்கள். டொங்காட், வெருலம் பக்கமெல்லாம் விக்டோரியா கவுண்டி. பெயர் காகிதத்தோடு நின்றுபோனது, ஆட்சி அதிகாரம் அதன் பின்னால் வளரவில்லை.

இன்றைக்குக் கவுண்டிக்கு நெருங்கியது மாவட்ட நகராட்சி. நாட்டில் 44 உண்டு, குவாசூலு-நேட்டாலில் 10. அதன் மன்றத்தில் 40 விழுக்காட்டினரைக் கட்சிப் பட்டியல் மூலம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். மீதி 60 விழுக்காட்டினரை அதற்குள் அடங்கிய உள்ளூர் நகராட்சிகள் அனுப்புகின்றன. டர்பன்காரர்களுக்கு இது பொருந்தாது. டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி ஒரு பெருநகராட்சி, அதற்கு மேலே மாவட்டம் கிடையாது.

சாட்ஸ்வொர்த் வாசகர்: தேர்தலே நடக்காமல் திடீரென்று ஒருவர் வந்து மேயர் ஆகிவிடுகிறார். நேற்றுவரை அவர் மாகாணத்திலோ நாடாளுமன்றத்திலோ இருந்தவர். நாங்கள் வாக்குப் போடவே இல்லையே, எப்படி?

சட்டப்படிதான் நடக்கிறது, ஆனால் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. மாகாணப் போக்குவரத்துத் துறைக்கு எம்.இ.சி.யாக (அதாவது மாகாண அமைச்சராக) இருந்த ம்சோலிசி கவுண்டா 2019 செப்டம்பரில் எதெக்வினி மேயர் ஆனது இப்படித்தான். முன்பு மாகாண வேளாண் எம்.இ.சி.யாகவும் பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சிரில் சாபா 2024 ஜூலையில் வந்ததும் இப்படித்தான்.

முதலில் கட்சிப் பட்டியலில் வந்த ஒரு கவுன்சிலர் நகர மன்றத்தை விட்டு விலக வேண்டும். வார்டு கவுன்சிலர் விலகினால் பயனில்லை, 90 நாளுக்குள் இடைத்தேர்தல் வைத்தாக வேண்டும், வாக்காளர் முன்னால் போய் நிற்க வேண்டும். பட்டியல் இடம் என்றால் தேர்தலே வேண்டாம். அதனால்தான் இத்தகைய மாற்றங்களுக்குக் கட்சிகள் எப்போதும் பட்டியல் இடத்தையே காலிசெய்கின்றன. காலியான 21 நாளுக்குள் கட்சி தன் பட்டியலைத் திருத்தலாம், புதுப் பெயரை மேலே ஏற்றலாம். மேலே இருக்கும் பெயரை எடுத்துத் தேர்தல் ஆணையம் அந்த இடத்தை நிரப்பும்.

வருகிறவர் அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வேறு ஊரில் பதிவு வைத்திருப்பவரின் பெயரைக் கட்சி மேலே ஏற்றினாலும் காரியம் நடக்காது. வாழ்நாள் முழுக்க அரசியலில் இருந்தவர்கள்கூட இந்தச் சின்னக் காகித விஷயத்தில் சறுக்குவதுண்டு. பிறகு அவர் சட்டமன்ற இடத்தை எழுத்தில் துறந்து, கவுன்சிலராக உறுதிமொழி எடுக்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. எதெக்வினியில் ஒரு கூடுதல் படி இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் மேயரை மன்றம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், அவர் தன் குழுவைத் தானே அமைத்துக்கொள்வார். இங்கே கூட்டு நிர்வாக முறை. மேயர் என்பவர் நிர்வாகக் குழுவின் உறுப்பினர்களில் ஒருவர். அந்தக் குழுவில் அதிகபட்சம் பத்துப் பேர், கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கு. ஆகவே குழுவிலும் ஒரு நாற்காலியைக் காலிசெய்து கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேயர் வாக்கெடுப்பு.

அந்த வாக்கெடுப்பில்தான் கட்சித் தலைமையின் கணக்கு தவறக்கூடும். மன்றத்தில் 222 இடம், பெரும்பான்மைக்கு 112. 2021 நவம்பரில் முதல் கட்சியான ஏ.என்.சி.க்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) கிடைத்தது 96. மீதிக்குச் சின்னக் கட்சிகளின் வாசலில் போய் நிற்க வேண்டும். கேப் டவுனில் 2006இல் ஹெலன் சில்லே மேயரானது 106க்கு 103 என்ற கணக்கில்தான். அதற்கு முன் அவர் மாகாணக் கல்வி எம்.இ.சி., நாடாளுமன்ற உறுப்பினர், பிறகு 2009இல் மாகாணப் பிரீமியர் (முதல்வர்). மாகாணம், நாடாளுமன்றம், நகரம், மறுபடி மாகாணம். இதில் எதை ஏற்றம் என்பது, எதை இறக்கம் என்பது?

எதிர்த்திசையிலும் போகிறார்கள். எதெக்வினி மேயராக இருந்த சாண்டிலே குமேடே 2020இல் மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். நம் மாகாணத்தின் இப்போதைய பிரீமியர் தாமி ந்துலி, கிங் செட்ஷ்வாயோ மாவட்டத்தின் மேயராக இருந்தவர்.

நீங்கள் வாக்குப் போடவில்லை என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் அதைத் தேர்தல் ஆணையத்தின் மேல் காட்டிப் பயனில்லை. இரண்டு வாக்குச்சீட்டில் ஒன்றைக் கட்சிக்குப் போடும்போது, இந்த அதிகாரத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். கலிபோர்னியாவில் அப்படி இல்லை. 2020இல் மாநில செனட்டர் ஹாலி மிச்சல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சூப்பர்வைசர் பதவிக்கு (டெக்சஸ் கமிஷனர் மாதிரி) பொதுத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அவர் விட்டுப்போன செனட் இடத்துக்கு 2021 மார்ச்சில் தனியாக ஒரு தேர்தல் வைத்தார்கள். இரண்டு முறையும் முடிவு வாக்காளர் கையில் இருந்தது. செலவும் இரண்டு முறை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: ஒரே ஆள் சட்டமன்றத்திலும் நகர மன்றத்திலும் சேர்ந்து இருக்கலாமா?

முடியாது. அரசியல் சாசனத்தின் 106ஆம், 158ஆம் பிரிவுகள் இரண்டு பக்கமும் கதவைச் சாத்துகின்றன. ஒன்றில் இருந்துகொண்டே மற்றதற்கு வேட்பாளராக நிற்கலாம். ஜெயித்த பிறகு ஒன்றை விட்டாக வேண்டும்.

ஃபீனிக்ஸ் வாசகி: சட்டமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டு நல்ல பெயர் எடுத்தவர்கள், நகர நிர்வாகத்துக்கு வந்ததும் ஏன் திணறுகிறார்கள்?

இந்த வாரக் கடிதங்களில் மிக நல்ல கேள்வி இதுதான். காரணங்கள் பல, ஆனால் பெரியது பணம் வரும் வழி.

மாகாணத்துக்கு வருகிற பணத்தில் மிகப் பெரும்பகுதி தேசியக் கருவூலத்திலிருந்து வருவது. மாகாணம் சொந்தமாகத் திரட்டுவது சொற்பம். அதனால் மாகாண சட்டமன்றத்தில் பழகியவருக்குப் பணத்தைப் பங்குபோடத் தெரியும், வசூல்செய்யத் தெரியாது. பெருநகராட்சி நேர்மாறு. வீட்டு வரி, மின்சாரம், தண்ணீர், குப்பை என்று தன் கையால் வசூலித்ததில்தான் வண்டி ஓடுகிறது. எதெக்வினி குழாயில் விடும் தண்ணீரில் ஏறத்தாழ பாதிக்குக் காசு வருவதில்லை. கசிவு, திருட்டு இணைப்பு, பழுதான மீட்டர் எல்லாம் சேர்ந்து. மேடையில் ‘கட்டணம் உயராது’ என்று பேசிவிட்டு வந்தவர், மார்ச் மாதம் கட்டண அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார். மின்கட்டணத்தை மன்றம் மட்டும் தீர்மானிக்கவும் முடியாது, தேசிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும்.

அடுத்தது நாட்காட்டி. மாகாணத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல். இந்த மூன்று மாத இடைவெளி புதிதாக வருகிறவர்களை நிஜமாகவே தடுமாற வைக்கும். நகராட்சி வரைவு பட்ஜெட் 90 நாள் முன்னதாக, அதாவது மார்ச் கடைசிக்குள், மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பிறகு பொதுமக்கள் கருத்து. மே கடைசிக்குள் ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அரையாண்டு மதிப்பீடு ஜனவரி 25க்குள், திருத்த பட்ஜெட் பிப்ரவரி 28க்குள். ஜூலை 1 பிறக்கும்போது பட்ஜெட் இல்லையென்றால் மாகாண அரசு தலையிடும், மன்றத்தையே கலைக்கவும் வழி இருக்கிறது. பெரும்பான்மை இல்லாத மன்றத்தில் சின்னக் கட்சிகளின் விலை மே மாதம் ஏன் உயர்கிறது என்று இப்போது புரியும்.

மூன்றாவது, கையை எங்கே வைக்கக் கூடாது என்பது. சட்டமன்ற உறுப்பினர் அதிகாரியைக் குழுமுன் நிறுத்தி வறுத்தெடுத்தால் கைதட்டல் கிடைக்கும். கவுன்சிலர் ஒருவர் தெருவில் குழாய் உடைந்ததும் பணிமனைக்குப் போன் போட்டு, ‘இரண்டு ஆளை உடனே அனுப்பு’ என்று ஊழியருக்கு உத்தரவிட்டால், அது நடத்தை விதி மீறல். புகாராகப் பதிந்து, அந்தப் பதிவு எண்ணை வைத்துத்தான் அவர் துரத்த வேண்டும். டெண்டர் விஷயம் இன்னும் கடுமை. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 117ஆம் பிரிவுப்படி கவுன்சிலர் யாரும் டெண்டர் குழுவில் உறுப்பினராக இருக்க முடியாது. பார்வையாளராகக்கூட உள்ளே உட்காரக் கூடாது. ‘நான் சும்மா கவனிக்கத்தான் வந்தேன்’ என்ற சமாதானம் எடுபடாது.

நான்காவது, சொந்த வீட்டு பில். கவுன்சிலர் நகராட்சிக்குச் செலுத்த வேண்டிய வரியிலும் கட்டணத்திலும் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. பதவிக்கு வந்த 60 நாளுக்குள் சொத்து, பங்கு, வேறு வருமானம் எல்லாவற்றையும் நகராட்சி மேலாளரிடம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மனைவி பெயரிலும் பிள்ளை பெயரிலும் வீடுகள் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் வியர்ப்பார்கள்.

வெள்ளம் மாதிரி ஒன்று வந்துவிட்டால் மேற்சொன்ன எல்லாம் ஒரே வாரத்தில் கழுத்தில் விழும். 2022 ஏப்ரலில் பார்த்தோம். சாலை, தண்ணீர்க் குழாய், கழிவுநீர் நிலையம் எல்லாம் ஒரே நேரத்தில் போயிற்று. அந்த நேரத்தில் சட்டம் இயற்றத் தெரிந்த ஆளைவிட, எந்தத் தலைப்பிலிருந்து எந்தத் தலைப்புக்குப் பணத்தை நகர்த்தலாம் என்று தெரிந்த ஆள் மேல்.

சாட்ஸ்வொர்த், இன்னொரு வாசகி: எங்கள் கவுன்சிலர் முன்பு மாகாணத்தில் செல்வாக்கோடு இருந்தவர். ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் காத்திருக்கும் கொடுமையைச் சொன்னால், ‘அது என் கையில் இல்லை’ என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?

இல்லை, இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆர்.கே. கான் மாகாண சுகாதாரத் துறையின் ஆஸ்பத்திரி. அதைக் கேட்க வேண்டிய இடம் மாகாண சட்டமன்றத்தின் சுகாதாரக் குழு. பள்ளிக்கூடமும் மாகாணம்தான். போலீஸ் ஸ்டேஷனும் அரசு உதவித்தொகையும் தேசிய அரசு. ‘N2’, ‘N3’ நெடுஞ்சாலைகளும் அப்படியே. உங்கள் தெருவின் தார், தெருவிளக்கு, தண்ணீர், மின்சாரம், குப்பை, நூலகம், சுடுகாடு, நகராட்சி நடத்தும் கிளினிக் ஆகியவை கவுன்சிலர் பாடு.

அமெரிக்க உறவினர் பேச்சைக் கேட்டு ஒப்பிட்டால் இங்கேதான் தடம் மாறும். அங்கே பல கவுண்டிகள் சிறையை நடத்துகின்றன, பெரிய ஆஸ்பத்திரி நடத்துகின்றன, தேர்தலையே நடத்துகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடி மக்களுக்கு ஐந்தே சூப்பர்வைசர்கள். ஐந்தை ஒன்பதாக்க 2024இல் வாக்காளர்கள் சம்மதித்தார்கள். கலிபோர்னியா சட்டமன்றத்தில் 2012 திருத்தத்துக்குப் பின் சேர்ந்தவர் இரு அவைகளும் சேர்த்து 12 ஆண்டுதான் இருக்கலாம். அதற்குமேல் அரசியலில் இருக்க நினைப்பவர்களுக்குக் கவுண்டி இயல்பான அடுத்த வீடு. நம் சட்டமன்றத்தில் உறுப்பினருக்கு அப்படிக் காலவரம்பு இல்லை. இங்கே ஆளை நகர்த்துவது கட்சிதான்.

ஆனாலும், முன்பு மாகாணத்தில் இருந்தவர் என்றால் யாரிடம் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ‘என் கையில் இல்லை’ என்றதோடு விடாதீர்கள். ‘யார் கையில் இருக்கிறது, பெயர் சொல்லுங்கள், ஒரு கடிதம் கொடுங்கள்’ என்று கேளுங்கள்.

லெனேசியா வாசகர்: சம்பளத்தில் நஷ்டமா?

பதவியைப் பொறுத்தது. மாகாண உறுப்பினர் சம்பளத்தைக் குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். கவுன்சிலர் சம்பளத்துக்கு உச்சவரம்பை உள்ளாட்சி அமைச்சர் அரசிதழில் வெளியிடுகிறார், நகராட்சியின் தரவரிசைக்கு ஏற்ப. அதற்குள் மன்றம் தீர்மானிக்க வேண்டும், மாகாண எம்.இ.சி. ஒத்துக்கொள்ள வேண்டும். பெருநகர மேயருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. சாதாரணக் கவுன்சிலராக வந்தால் இடி. எல்லாக் கவுன்சிலரும் முழுநேரப் பதவி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெருலம் வாசகர்: ஐயா, எனக்கு 27 வயது. வார்டு குழுவில் இருக்கிறேன். ஒரு நாள் மாகாண சட்டமன்றம் போக ஆசை. நகராட்சி வழியாகப் போவதா, நேராகக் கட்சிப் பட்டியலில் முயல்வதா?

நகராட்சி வழியாகப் போங்கள் தம்பி. மேலே இருந்து கீழே வந்து திணறுகிறவர்களைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் எழுதினோம். கீழிருந்து போகிறவருக்கு அந்தத் திணறல் இல்லை.

வார்டு குழுவில் கவுன்சிலரைத் தவிர அதிகபட்சம் பத்துப் பேர்தான், அதில் ஒருவராக இருப்பதே நல்ல தொடக்கம். அங்கே வெறுமனே உட்கார்ந்திருக்காமல், வரைவு பட்ஜெட் வந்ததும் உங்கள் வார்டு பெயர் எந்த மூலதனத் திட்டத்தில் இருக்கிறது என்று தேடி எடுங்கள். போன வருஷம் அதே வரிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று பக்கத்தில் எழுதுங்கள். மூன்று வருஷம் தொடர்ந்து ஒதுக்கி மூன்று வருஷமும் செலவழிக்காத வரி ஒன்றாவது கிடைக்கும். கருத்துக் கேட்கும் கூட்டத்தில் அந்த ஒரு வரியை மட்டும் கேளுங்கள். மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, போய் உட்கார்ந்து பாருங்கள்.

வேட்பாளராக நிற்கும்போது நீங்கள் அந்த வார்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பதில்லை, அந்த நகராட்சிக்குள் பதிவு இருந்தால் போதும். சுயேச்சை என்றால் அந்த வார்டு வாக்காளர் 50 பேரின் கையெழுத்து வேண்டும். 2021இல் வைப்புத்தொகை 1,000 ராண்டு. கையெழுத்து 50 என்றால் 80 வாங்கி வையுங்கள். பக்கத்து வார்டுக்காரர் கையெழுத்து எப்படியும் பத்துப் பதினைந்து கலந்துவிடும், சாலைக்கு அந்தப் பக்கம் வேறு வார்டு என்பது பலருக்குத் தெரியாது. கட்சிச் சார்பில் ஜெயித்த பிறகு கட்சியை விட்டால் இடம் போய்விடும். கட்சி தாவும் காலம் 2009ஓடு முடிந்தது. விடுப்பு அனுமதி இல்லாமல் மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து வராவிட்டாலும் பதவி போகும்.

மாகாணத்துக்குச் சுயேச்சையாக நிற்பதும் 2024இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்கு மாகாணம் முழுக்க வாக்குத் திரட்ட வேண்டும், இப்போதைக்கு நினைக்காதீர்கள்.

கடைசி நாளை மட்டும் நம்பாதீர்கள். 2021 ஆகஸ்டில் ஏ.என்.சி.யே பல நகராட்சிகளில் வேட்பாளர் பெயர்களை நேரத்துக்குள் ஏற்ற முடியாமல் தவித்தது. பிறகு ஆணையம் மறுபடி கதவைத் திறந்ததால் தப்பித்தது. உங்களுக்காக யாரும் திறக்க மாட்டார்கள். தேர்தல் தேதி அரசிதழில் அறிவிக்கப்படும் நாளிலேயே வாக்காளர் பட்டியல் மூடப்படுகிறது. போன தேர்தல் 2021 நவம்பர் 1. மன்றத்தின் காலம் ஐந்து வருஷம், அது முடிந்த 90 நாளுக்குள் அடுத்தது நடந்தாக வேண்டும். வீடு மாறியிருந்தால், அல்லது அம்மா வீட்டு முகவரியிலேயே இன்னும் பெயர் இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.